சக்திச் சொட்டும் தேயிலைச் சாரலும்

1924-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது. கொழும்பிலே தொடங்கிய இரும்புப் பாதை மலைகளைக் குடைந்தும் மடுக்களைத் தாண்டியும், தெமோதரையில் ஒரு வளையமிட்டுத் தன் நிலையத்துக்கு அடியிலேயே நுழைந்தும், இந்நகரை எட்டுவதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றன. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், டாக்காப் பல்கலைக்கழகத்திலே பௌதிகம் கற்பித்துவந்த முப்பது வயது ஆசிரியர் ஒருவர் ஐன்ஸ்டீனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒளியின் சக்தி பற்றிய பிளாங்கின் விதியை மாணவருக்கு விளக்கப் புகுந்தவர், பழைய நிறுவல் தமக்கே மனநிறைவு தராமையால், புதிய நிறுவல் ஒன்றைத் தாமே அமைத்துக் கடிதத்துடன் அனுப்பியிருந்தார். ஐன்ஸ்டீன் அதனைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். அவ்வாசிரியரே சத்தியேந்திரநாத் போஸ்.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு யாது என்று நேயர்கள் வினவலாம். தொடர்பு ஒன்றும் இல்லை. ஆயினும் நம் உள்ளத்தில் அவை ஒன்றை விட்டு ஒன்று பிரிவதில்லை. ஊவாவின் தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்துக்கு இறக்கிச் செல்வதற்கென்றே அப்பாதை மலையேறி வந்தது. இறங்கிச் சென்ற பெட்டிகளுக்கு ஈடாக ஏறி வந்திருக்க வேண்டியவை பல. அவற்றுள் அறிவும் ஒன்று. அது வந்து சேர்ந்த கதையோ மிகவும் தாமதமான கதை. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பே கல்வியின் எல்லையாய் இருந்த காலத்தை நாம் நேரிலே கண்டவர். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970-களிலேதான். அதுவரை ஓர் அறை, ஓர் ஆசிரியர், கரும்பலகை ஒன்று, அவ்வளவே பள்ளிக்கூடம்.

இனி இக்கட்டுரையின் பொருளுக்கு வருவோம். ‘குவாண்டம்’ என்ற சொல் இன்று பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடுகிறது. 2025-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை குவாண்டம் விஞ்ஞானத்துக்கும் தொழினுட்பத்துக்கும் உரிய சர்வதேச ஆண்டாகப் பிரகடனஞ் செய்தது. 1925-இல் ஹைசன்பர்க் என்ற இளைஞர் வகுத்த புதிய கணிதத்துக்கு அவ்வாண்டு நூறு நிறைந்தது. இந்திய அரசு 2023-இல் இத்துறைக்கென ஆறாயிரம் கோடி ரூபாவுக்கு மேல் ஒதுக்கியது. இவற்றையெல்லாம் படிக்கும் நம் தோட்டத்துப் பிள்ளை, இது யாரோ, எங்கோ செய்யும் காரியம் என்று தாளை மடித்து வைத்துவிடுகிறது. அவ்வாறு வைத்துவிட வேண்டியதில்லை என்பதே நம் கட்சி.

நம் நாட்டுத் தமிழ்ப் பாடநூல்கள் இதற்கு அழகான ஒரு சொல்லை வழங்கியுள்ளன. குவாண்டத்தைச் ‘சக்திச் சொட்டு’ என்கின்றன. உயர்தர இரசாயனம் கற்றவர் ‘சக்திச்சொட்டு எண்’ என்பதை மனனஞ் செய்திருப்பர். சொல்லின் இனிமையைச் சிந்தித்தவர் சிலரே. தோட்டத்துப் பீலியை நினைத்துப் பாருங்கள். மாரியில் அது ஒரே வெள்ளிக் கம்பியாய் விழுகிறது. வரட்சி மிகுந்த மாதங்களில் அதே பீலி சொட்டுச் சொட்டாய் விழ, குடத்தை வைத்துக்கொண்டு பெண்கள் காத்திருக்கின்றனர். ஒளியும் அத்தகையதே. பகலவனின் ஒளி தொடர்ந்து பாயும் வெள்ளம்போல் தோன்றும். அதனைக் குறைத்துக் குறைத்துக் கொண்டுபோனால், ஈற்றில் அது சொட்டாகவே வந்து விழும். அரைச் சொட்டு என்பது இல்லை. இந்த உவமையைப் பதுளையிலே பௌதிகம் கற்பித்த முப்பது ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் நாம் எத்தனை முறை கூறியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. பீலியில் நீர் பிடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது ஒருபோதும் இரண்டாம் முறை சொல்லப்பட வேண்டியதாயிருந்ததில்லை.

ஓய்வு பெற்ற பின்னர், நமுனுகுலை மலைச்சரிவிலே உள்ள ஒரு தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவிலே சனிக்கிழமை தோறும் வகுப்பு நடத்தி வருகிறோம். கொழுந்தெடுக்கும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை அது. சனி பிற்பகலில் தொட்டில்கள் ஓரமாய் ஒதுக்கப்பட்டுவிடும். ஆய்வுகூடம் என்று சொல்லிக்கொள்ள நம்மிடம் ஒரு பிஸ்கற் தகரப்பேழை உண்டு. அதனுள் பழுதுபட்ட கணிப்பான்களிலிருந்து உரித்தெடுத்த முனைவாக்கித் தாள்கள் மூன்று இருக்கின்றன. கணிப்பானின் முகத்தில் எண்கள் கறுப்பாய்த் தெரிவதற்கு உதவுவது அந்தத் தாளே.

ஒரு தாளினூடே விளக்கைப் பார்த்தால் வெளிச்சம் பாதியாகும். இரண்டாவது தாளை முதலாவதற்குக் குறுக்காக வைத்தால் முற்றும் இருண்டுவிடும். இனித்தான் வேடிக்கை. இருண்டு கிடக்கும் அவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது தாளைச் சாய்வாகச் செருகுங்கள். விளக்கு மீண்டும் தெரியும்! ஏட்டுக் கணக்கின்படி முதலில் இருந்த ஒளியில் எட்டில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடுகிறது. முதன்முறை இதனைச் செய்து காட்டியபோது பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, “சேர், மறைக்கிறதுக்கு இன்னொண்ணு வச்சா வெளிச்சம் எப்படிக் கூடும்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, நாம் சிரிக்கவில்லை. அலைக் கொள்கையைக் கொண்டும் இதற்கு விடை கூறலாம். ஒளி ஒற்றைச் சொட்டாக வரும்போதோ அவ்விடை போதாது. அந்தச் சொட்டு பாதியாய் உடைந்து புகாது. புகும், அல்லது புகாது. எது நிகழும் என்பதை முன்கூட்டி உரைக்க ஒருவராலும் இயலாது. இத்தனைக்கு இத்தனை என்று வாய்ப்பையே உரைக்கலாம். மேலும், தாளைக் கடந்த சொட்டு கடக்குமுன் இருந்த சொட்டு அன்று. ஆராயப்பட்டதனாலேயே அது மாறிவிட்டது.

இம்மலைநாட்டில் இதனை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. தேயிலைச் சுவைஞர் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி உறிஞ்சி, நாவில் உருட்டி, உமிழ்ந்துவிட்டுத் தரம் சொல்கிறார். சுவை பார்க்கப்பட்ட மிடறு மீண்டும் தேநீராகாது. ஆனால் கிண்ணத்தில் மீதித் தேநீர் உண்டு. ஒளிச் சொட்டுக்கோ மீதி இல்லை. அந்த ஒரே மிடறுதான். அதனைப் படியெடுத்து வைத்துக்கொள்ளவும் இயலாது என்பது 1982-இல் நிறுவப்பட்ட தேற்றம்.

இந்த இயலாமையிலிருந்தே ஒரு தொழினுட்பம் பிறந்தது என்பது நம்மை இன்றும் வியப்பிலாழ்த்தும் செய்தி. 1984-இல் பென்னற், பிரசாட் என்னும் இருவர் ஒரு முறையைக் கூறினர். பதுளையில் இருப்பவர் பசறையில் இருப்பவருக்கு இரகசியத் திறவுகோல் ஒன்றை அனுப்ப விரும்புகிறார் என்க. ஒளிச் சொட்டுகளை நேர், கிடை, இருபுறச் சாய்வு என்னும் நான்கு நிலைகளுள் ஒன்றில் வைத்து ஒவ்வொன்றாய் அனுப்புகிறார். வழியில் நாலாங்கட்டைச் சந்தியில் ஒளிந்திருந்து ஒருவன் அவற்றைப் பிடித்துப் பார்த்து, அவ்வாறே திருப்பி அனுப்ப முயல்கிறான். எந்தத் தாளை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியாது. பாதித் தடவை பிழையாகவே பிடிப்பான். பிடித்த மாத்திரத்தில் சொட்டு மாறிவிடும். பின்னர் இருவரும் தம் குறிப்புகளிற் சிலவற்றை ஒப்புநோக்கும்போது, பொருந்தியிருக்க வேண்டியவற்றுள் நான்கில் ஒன்று பிழைத்திருக்கும். திருடன் வந்து சென்றான் என்பது தெரிந்துவிடும். பூட்டை உடைக்க முடியாது என்பதன்று இதன் சிறப்பு. தொட்டால் தெரிந்துவிடும் என்பதே. 2016-இல் சீனம் இதற்கென்றே ஒரு செய்மதியை ஏவியது. அடுத்த ஆண்டில் பீஜிங்குக்கும் வியன்னாவுக்கும் இடையே இத்தகைய திறவுகோலால் காக்கப்பட்ட உரையாடல் நிகழ்ந்தது. பிஸ்கற் தகரப்பேழையில் கிடக்கும் அந்த மூன்று தாள்களும் அந்தச் செய்மதியும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள்.

பாடம் இருக்கட்டும், இதனையே வாழ்க்கையாகக் கொண்ட தமிழர் நம் நாட்டில் உண்டா? உண்டு. 1918-இல் பிறந்த கிறிஸ்தி ஜெயரத்தினம் எலியேசர் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலே கற்று, கொழும்பு சென்று, அங்கிருந்து கேம்பிரிட்ஜை அடைந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே டிராக் என்னும் பேரறிஞரின் மாணவரானார். குவாண்டம் இயலைக் கட்டியெழுப்பிய நால்வர் ஐவருள் டிராக் ஒருவர். அதிகம் பேசாதவர் எனப் பெயர் பெற்றவர். அத்தகையவரிடம் ஆராய்ச்சி பயில்வது எளிதாக இருந்திராது.

எலியேசர் எடுத்துக்கொண்ட வினா, சிறுவரும் கேட்கக்கூடிய வினா. அணுவின் கருவைச் சுற்றும் இலத்திரன் ஏன் கருவுக்குள் விழுந்துவிடுவதில்லை? பழைய பௌதிகத்தின்படி, சுழலும் இலத்திரன் ஒளி வீசிச் சக்தியை இழந்து, ஒரு விநாடியின் பதினாயிரங் கோடியில் ஒரு பங்கு அளவிலே விழுந்து அழிய வேண்டும். அப்படியாயின் மலையும் இல்லை, மரமும் இல்லை, நாமும் இல்லை. இலத்திரன் தன் ஒளியாலேயே தான் பின்தள்ளப்படுவதையும் சேர்த்து டிராக் 1938-இல் ஒரு சமன்பாடு தந்திருந்தார். அதனை ஐதரசன் அணுவுக்குப் பிரயோகித்து எலியேசர் 1943-இல் வெளியிட்ட முடிவு விசித்திரமானது: கருவை நோக்கி நேராக விழ வேண்டிய இலத்திரன், அதனை அடையாமலே திரும்பி ஓடிவிடுகிறது! பழைய பௌதிகத்தை எத்தனை செப்பனிட்டாலும் அணுவை அது விளக்காது என்பதற்கு இதனினும் கூரிய சான்று வேண்டுமோ? எண்பது ஆண்டுகள் கடந்தும் அம்முடிவு அத்துறை அறிஞரால் எடுத்தாளப்படுகிறது.

அவர் நாடு திரும்பி இலங்கைப் பல்கலைக்கழகத்திலே கணிதப் பேராசிரியராய் அமர்ந்தார். 1959-இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும், 1968-இல் அவுஸ்திரேலியாவின் லா துரோப் பல்கலைக்கழகத்துக்கும் சென்று கற்பித்து, 2001-இல் மறைந்தார். மூன்று நாட்டு மாணவர் அவரிடம் கற்றனர். பேராசிரியரின் பெருமையை அவருடைய ஆய்வுக் கட்டுரைகளைக் கொண்டு மட்டும் அளப்பது குறையளவை என்பது நம் எண்ணம். டிராக்கின் ஆசிரியர் பவுலர். அதே பவுலரிடம் ஆராய்ச்சி பயின்றவர் நம் சந்திரசேகர். டிராக்கிடமிருந்து எலியேசர், எலியேசரிடமிருந்து பெயர் தெரியாத எத்தனையோ ஆசிரியர்கள். மலைப்பாதையில் இரவு நேரம் ஒருவர் பந்தத்திலிருந்து மற்றவர் பந்தம் கொளுத்திக்கொள்வது போலவே இது நிகழ்கிறது. அந்த வரிசை பருத்தித்துறைக்கு வந்தது, கொழும்புக்கு வந்தது. ஊவாத் தோட்டங்களுக்கு மட்டும் வரவில்லை. அறிவு குறைந்தவர் இங்கு பிறந்ததனாலா? அந்த மூன்றாவது தாளைப் பற்றி வினவிய சிறுமியைக் கண்டவர் எவரும் அப்படிச் சொல்லார். 1948-இன் குடியுரிமைச் சட்டமும் 1964-இன் ஒப்பந்தமும் இம்மக்களை எந்நேரமும் மூட்டை கட்டும் நிலையில் வைத்திருந்தன; மூட்டை கட்டும் வீட்டில் பத்தாண்டுப் படிப்பைத் திட்டமிடுபவர் யார்? இன்றும் உயர்தரக் கணிதப் பிரிவைத் தமிழில் நடத்தும் ஊவாப் பாடசாலைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. பௌதிக ஆசிரியர் இல்லாமையால் இரண்டாண்டுப் பாடத்தைத் தாமே படித்துப் பரீட்சைக்குத் தோற்றிய பிள்ளைகளை நாம் அறிவோம்.

கட்டடமும் கருவியும் இல்லையே என்பார்க்கு ஒரு சென்னைக் கதை கூறுவோம். அல்லாடி இராமகிருஷ்ணன் என்பவர் 1950-களின் இறுதியில் தம் வீட்டுக் கூடத்திலேயே மாணவரைக் கூட்டிப் புதிய பௌதிகம் பற்றிய கருத்தரங்குகள் நடத்தினார். 1960 ஜனவரியில் சென்னை வந்த நீல்ஸ் போர் அம்மாணவரைச் சந்தித்து வியந்து பாராட்டினார். அதன் பயனாக 1962 ஜனவரி 3-ஆம் நாள் கணித விஞ்ஞான நிறுவனம் தோன்றியது. அந்த நிறுவனத்திலே பணியாற்றிய இராஜையா சைமன் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் அளவைமுறை, இரு ஒளிக்கற்றைகள் குவாண்டம் முறையில் பின்னிக் கிடக்கின்றனவா என்று சோதிப்பதற்கு உலகெங்கும் கையாளப்படுகிறது. வீட்டுக் கூடத்துக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் சுவரில்தான் வேற்றுமை.

கருவியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பரிசோதனை வேறு உலகம். குவாண்டம் கணினிகளிற் சில வகைகளை, விண்வெளியின் குளிரினும் கடுங்குளிரில் வைத்தே இயக்க வேண்டும். நுவரெலியாப் புல்லின்மேல் படியும் உறைபனி அதன் முன் கொதிநீர் எனலாம். அக்கணினிகளும் அடிக்கடி பிழைவிடுகின்றன. அப்பிழைகளைத் திருத்துவதே இன்றைய பெரும் பாடு. ‘நாளையே உலகம் மாறிவிடும்’ என்று எழுதுவோரை நம்பிப் பிள்ளைகளை இத்துறைக்கு அனுப்பாதீர்கள். ஆராய்ச்சியாளரின் நாள், பெரும்பாலும் விரிவுரையிலும் விடைத்தாள் திருத்துவதிலும், நேற்று ஓடிய கருவி இன்று ஏன் ஓடவில்லை என்று தேடுவதிலுமே கழிகிறது. 2025-இல் நோபல் பரிசு பெற்ற கிளார்க், டெவொரே, மார்ட்டினிஸ் மூவரும் 1980-களின் நடுவே கலிபோர்னியாவில் ஓர் ஆய்வுகூடத்திலே ஒன்றாக உழைத்தவர்கள். அன்று முதல்வர் பேராசிரியர், இரண்டாமவர் புதிதாய்ப் பட்டம் பெற்றவர், மூன்றாமவர் மாணவர். கையில் எடுக்கத்தக்க ஒரு மின்சுற்று, ஏறிக் கடக்க முடியாத தடையை ஊடுருவிச் செல்வதைக் காட்டினர். சுரங்கம் தோண்டாமலே புகையிரதம் மலையின் மறுபுறம் தோன்றுவது போன்றது அது. கொழும்பு–பதுளைப் பாதையிலே சுரங்கம் குடைந்து மாண்ட நம் முன்னோர் இதனைக் கேட்டால் என்ன சொல்லுவரோ! பரிசு வருவதற்கு நாற்பது ஆண்டுகள் சென்றன என்பதையும் மறவாதீர்கள்.

அந்தச் சிறுமி இன்று பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு மாணவி. மாவட்ட ஒதுக்கீடு கைகொடுத்தது. மகாபொல உதவிப்பணம் சோற்றுக்குக் கைகொடுக்கிறது. இப்போது அவள்முன் இரு வழிகள். இவ்வாண்டுடன் பொதுப் பட்டம் பெற்று வெளியேறலாம். வங்கி ஒன்றில் வேலைக்கு வாய்ப்பிருப்பதாக உறவினர் கூறுகின்றனர். அன்றேல், பௌதிகச் சிறப்புப் பட்டத்துக்கு நான்காம் ஆண்டும் பயிலலாம். அந்த நான்காம் ஆண்டு இன்றி ஆராய்ச்சி வழியில் செல்வது அரிது.

சென்ற மாதம் அவள் தந்தையார் நம் வீட்டுக்கு வந்தார். தோட்டத் தொழிலாளர், நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆவதற்கு 2021 வரை போராடிய தலைமுறையைச் சேர்ந்தவர். நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து, “சேர், மூணு வருசத்தோட புள்ள வேலைக்கு வந்துட்டா சின்னவனும் படிச்சிருவான். நாலாவது வருசம் எதுக்குன்னுதான் எனக்கு வெளங்கல்ல” என்றார். நியாயமான வினா. ஒரு வருடச் சம்பளம் அவ்வீட்டில் கூரைத் தகரம். தம்பியின் பஸ் கட்டணம். அடகுக் கடையில் கிடக்கும் தோடு.

நாம் அறிந்ததை ஒளிக்காமற் சொன்னோம். பல்கலைக்கழகப் பதவிகள் சிலவே; எல்லாருக்கும் கிட்டுவதில்லை என்றோம். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்குப் பௌதிகம் பயில்வோர், கற்பித்தலிலோ ஆராய்ச்சியிலோ உதவுவதற்கு மாதந்தோறும் படி பெறுவது வழக்கம். காணி விற்றுக் கட்டணம் செலுத்தும் படிப்பு அதுவன்று என்றோம். இது நம் குடும்பங்களிற் பலர் அறியாத செய்தி. வங்கியைப் பற்றியும் சொன்னோம்: 1994-இல் ஷோர் என்னும் அமெரிக்கர், பெரிய எண்களைக் காரணிகளாய்ப் பிரிக்கக் குவாண்டம் கணினிக்கு ஒரு வழிமுறை வகுத்தார், வங்கிகளின் இரகசியப் பூட்டுகள் பல அத்தகைய எண்களையே நம்பியிருப்பதால், 2024-இல் அமெரிக்காவின் நியம நிறுவனம் மாற்றுப் பூட்டுகளுக்கான நியமங்களை வெளியிட்டது. வங்கிக்கே இவளுடைய படிப்புத் தேவைப்படும் நாள் வரும் என்றபோது அவர் முதன்முறையாகச் சிரித்தார். அவள் வெளிநாடு செல்லாமற் போயினும், தமிழிலே பௌதிகம் கற்பிக்கத் தக்க ஒருத்தி ஊவாவுக்குக் கிடைப்பாள் என்றும் கூறினோம். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பறையில் ஆசிரியரின்றி மூத்த மகன் கணிதத்தைக் கைவிட்டதை அவர் அறிவார்.

சிறப்புப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க இன்னும் மூன்று வாரங்கள் உள்ளன. மகள் இரவு தோறும் தொலைபேசியில் தாயிடம் பேசுகிறாளாம். இந்த விடயத்தை மட்டும் எடுப்பதில்லையாம். தந்தையார் விடைபெறும்போது குடையை விரித்துக்கொண்டு, “பத்தாந் தேதி சம்பளம் போடட்டும் சேர். அவ அம்மாவோட பேசிட்டு வந்து சொல்றேன்” என்று கூறிச் சென்றிருக்கிறார்.